நின்றுபோன எச்சரிக்கைச் சேவையை மீண்டும் எழுப்புதல்: சேலம் – சேர்வராயன் மலை, ஒரு நிகழ்வு ஆய்வு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. கரையேறிய புயல் கலைந்துவிடும் என்ற நினைப்பு உள்மாவட்டங்களில் எப்போதும் உண்டு. இதுவோ நகராமல் நின்று, பிறகு மெல்ல மேற்கே ஊர்ந்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பதிவானது. அங்கிருந்து ஏற்காடு நேர்கோட்டில் சுமார் 65 கி.மீ.தான். ஏற்காடு மலைப்பாதையிலும் மண் சரிந்து போக்குவரத்து நின்றது.

சேலம் நகருக்கும் சேர்வராயன் மலைக்கும் சிலர் கைக்காசு போட்டு நடத்தும் சுயேச்சையான எச்சரிக்கைச் சேவை ஒன்று ஓய்ந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மறுபடி எப்படி எழுப்புவது என்பதே இந்த ஆய்வு. டிசம்பர் 1, 2 ஆகிய அந்த இரண்டு நாள்களே உரைகல். புதிய அமைப்பின் ஒவ்வொரு பாகத்தையும் டிசம்பர் 1 இரவில் வைத்துப் பார்த்தால் எது தாங்கும், எது படுத்துவிடும் என்று தெரிந்துவிடும்.

எதைச் சொல்வது, எதை விடுவது

இத்தகைய சேவைகள் ஓய்வதற்குக் கணிப்பு பொய்த்தது மட்டும் காரணமாக இருப்பதில்லை. நாளைய வெயில், அடுத்த வாரத் தாழ்வழுத்தம், மேட்டூர் நீர்மட்டம், இடி, மின்னல், பள்ளி விடுமுறை என்று எல்லாவற்றையும் சொல்லப் போய், எதற்கும் பொறுப்பேற்க முடியாத நிலைக்கு வந்து நிற்கும். நடத்துபவர்கள் களைத்துப் போவார்கள், படிப்பவர்கள் மரத்துப் போவார்கள். மீண்டும் தொடங்கும்போது முதலில் வெட்ட வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

முன்னறிவிப்பு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேலை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் அவர்களுடையவை. மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பும் அவர்களே தருகிறார்கள். மின்னலுக்கு புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி இருக்கிறது. மாவட்ட அளவிலான எச்சரிக்கைகளை தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் கொண்டுவருகிறது, மாநில அரசின் டிஎன் அலர்ட் செயலியும் உண்டு. இவற்றோடு போட்டி போடுவதில் பயனில்லை.

இவை எட்டாத இடம் ஒன்று உண்டு. "சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்ற ஒரு வரிக்குள் 280 மீட்டர் உயரத்துச் சேலமும் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காடும் சேர்ந்து அடங்கிவிடுகின்றன. மலையில் கொட்டுவதை அடிவாரக் கன்னங்குறிச்சியில் இருப்பவர் வானத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் தலைக்கு மேல் நட்சத்திரம்கூடத் தெரியலாம். மலைச் சரிவின் ஓடைகள் புது ஏரிக்கும் மூக்கனேரிக்கும் வந்து, நிரம்பினால் திருமணிமுத்தாற்றில் சேரும்போதுதான் தெரியும். ஆகவே சேவையின் வாக்குறுதி ஒரே வரி: மலையில் இப்போது எவ்வளவு பெய்கிறது என்பதை அடிவாரத்துக்குச் சொல்வோம். இனி எவ்வளவு பெய்யும் என்று சொல்ல மாட்டோம்.

சட்டமும் இந்தப் பக்கமே தள்ளுகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 54-ஆம் பிரிவின்படி, பேரிடரைப் பற்றிப் பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கை விடுத்தால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். அளந்ததை அளந்தபடி, நேரத்தோடு சொல்பவருக்கு இந்தப் பிரிவால் பெரிய அச்சமில்லை. "பயங்கர வெள்ளம் வரப்போகிறது" என்று எழுதுபவருக்கு உண்டு. "பாதை மூடப்பட்டது", "பள்ளி விடுமுறை" ஆகிய இரண்டையும் ஆட்சியர் அறிவிப்பு வராமல் ஒருபோதும் அனுப்பக் கூடாது.

ரேடார் படத்தை நம்பினால் என்ன?

பழைய சேவைகள் பெரும்பாலும் ரேடார் படத்தைப் பார்த்தே இயங்கின. சேலத்துக்கு அதில் ஒரு சிக்கல். காரைக்கால் ரேடார் சுமார் 200 கி.மீ. தொலைவு, சென்னையும் கொச்சியும் தலா 280 கி.மீ. அளவு. அரை டிகிரி சாய்வில் கிளம்பும் கதிர், பூமியின் வளைவால், 200 கி.மீ. தள்ளித் தரையிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தில் போகும், 280 கி.மீ.யில் 7 கி.மீ. அதோடு ஒரு டிகிரி அகலக் கதிர் 200 கி.மீ. போனால் மூன்றரை கி.மீ. தடிமனுக்கு விரிந்துவிடும். ஏப்ரல், மே மாதத்து இடிமேகம் 10 கி.மீ.க்கு மேல் வளர்வதால் அது சிக்கிவிடும். வடகிழக்குப் பருவத்தில் மலைமுகட்டில் காற்று மோதித் தாழ்வாகவே கட்டும் மேகம் கதிருக்கு அடியில் தப்பிவிடும். படத்தில் வெளிர்நீலம், மலையில் அடைமழை. ஏற்காட்டில் டாப்ளர் ரேடார் அமைப்பதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. அது வந்தாலும் தரையில் விழுந்த நீரை அளக்க மழைமானிதான் வேண்டும்.

ரேடார் படத்தில் இன்னொரு பொறி உண்டு. அதன் நேரம் பெரும்பாலும் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்ட மறந்தால், முடிந்துபோன மழைக்கு எச்சரிக்கை அனுப்ப நேரிடும்.

ஆறு மழைமானிகள்

தொடங்க ஆறு போதும்: சேர்வராயன் கோயில் மேட்டுப்பகுதி, ஏற்காடு ஊர், கன்னங்குறிச்சிப் பக்கம் வடியும் தெற்குச் சரிவு, குப்பனூர் பாதைச் சரிவு, அடிவாரம், நகருக்குள் ஒன்று. பதினைந்து வைத்து ஐந்து வேலை செய்வதைவிட ஆறு வைத்து ஆறும் வேலை செய்வது மேல்.

கருவி, கவிழும் வாளி வகை: புனலில் விழும் நீர் சிறு வாளியில் நிரம்பிக் கவிழும்போதெல்லாம் ஓர் எண்ணிக்கை கூடும். 200 மி.மீ. விட்டமுள்ள புனல், ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மி.மீ. அதாவது வாளி கவிழ 6.28 மி.லி. நீர் வேண்டும். இந்த எண்ணை வைத்தே வீட்டில் சரிபார்க்கலாம். 628 மி.லி. நீரை அளந்து, மருத்துவமனை டிரிப்ஸ் குழாய் வழியாக அரை மணி நேரத்தில் புனலுக்குள் விட வேண்டும். 100 கவிழ்ப்பு வர வேண்டும். 97 முதல் 103 வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனால் வாளி சீக்கிரமே கவிழ்கிறது என்று பொருள். அடியிலுள்ள தாங்கு திருகுகளை இரண்டு பக்கமும் ஒரே அளவு இறக்கி மறுபடி விட வேண்டும். குறைந்தால் ஏற்ற வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் திருகிச் சரிசெய்பவர்கள் ஒரு கோளாறை இரண்டாக்குகிறார்கள்.

கொட்டும் மழையில் எந்த வாளியும் குறைத்தே காட்டும். மணிக்கு 120 மி.மீ. வேகத்தில் ஆறு விநாடிக்கு ஒருமுறை கவிழும். கவிழும் அந்த அரை விநாடியில் விழும் நீர் நிரம்பிய பக்கத்திலேயே போய்க் கணக்கில் வராமல் போகும். சில சதவீத இழப்பு. எச்சரிக்கைக்கு இது பெரிய குறையல்ல. ஆனால் "இன்று சாதனை மழை" என்று அறிவிக்கும் ஆசை உள்ளவர்கள் பக்கத்தில் சாதாரணக் குடுவை மழைமானி ஒன்றும் வைத்துக் காலை 8.30-க்கு ஒப்பிட வேண்டும்.

இடம்தான் ஏற்காட்டில் பெரிய தலைவலி. காப்பித் தோட்டமெங்கும் சில்வர் ஓக். அதன் சருகு ஒன்று புனல் வாயில் ஒட்டினால் போதும். நீர் தேங்கி, மழை நின்ற பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கும். வரைபடத்தில் இது வெயிலடிக்கும் மதியத்தில் மூன்று மணி நேரத் தூறலாகத் தெரியும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரமாவது விலகியிருப்பது நல்லது. காப்பித் தோட்டத்துக்குள் அப்படி இடம் அரிது. பள்ளி மைதானம், காப்பி காயவைக்கும் களத்தின் ஓரம் ஆகியவை தேறும். புனலுக்குள் துருப்பிடிக்காத கம்பி வலை, வாளியின் அச்சில் எறும்பு ஏறாமல் தாங்கு குழாயில் கிரீஸ் பூச்சு. சிலந்தி வலை ஒரு வாளியை ஒரு வாரம் கட்டிப்போட்டு வைக்கும்.

இங்கேதான் ஆகப் பெரிய தவறு நடக்கிறது. கட்டுண்ட வாளி அனுப்புவது "மழை 0". செத்த பேட்டரி அனுப்புவது ஒன்றுமே இல்லை. மோசமாக எழுதிய நிரல் அதையும் "மழை 0" என்று காட்டும். இரண்டும் ஒன்றல்ல. ஒவ்வொரு நிலையமும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பேட்டரி மின்னழுத்தத்தோடு ஒரு துடிப்பு அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று துடிப்பு வராவிட்டால் அந்த நிலையம் "மௌனம்" என்று வெளிப்படையாகக் காட்டப்பட வேண்டும், பூஜ்யமாக அல்ல. அக்கம்பக்க நிலையம் இரண்டில் 20 மி.மீ. பெய்து நடுவிலுள்ளது மட்டும் 0 காட்டினாலும் அது சந்தேகத்துக்குரியதே. இந்த ஒரு விதியைச் சரியாக எழுதினால் பாதி நம்பகம் வந்துவிடும்.

செய்தி மலையிறங்கும் வழி

ஒவ்வொரு மானிக்கும் சிம் கார்டு போடுவது எளிது, ஆனால் டிசம்பர் 1 போன்ற இரவில் மின்சாரமும் அலைபேசிக் கோபுரமும் சேர்ந்தே போகும். உரிமம் தேவையில்லாத 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் லோரா என்ற குறைமின் நெடுந்தூர ரேடியோ முறை இங்கே பொருந்தும். பார்வைக்கோடு இருந்தால் சில மில்லிவாட்டிலேயே பல கி.மீ. போகும். லேடீஸ் சீட் பக்கத்து விளிம்பிலிருந்து சேலம் நகரமே காலடியில் விரிந்து கிடக்கிறது. ஆன்டெனாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் வடக்குச் சரிவு ஊர்கள் அங்கிருந்து தெரியாது. அந்தப் பக்கம் நிலையம் வைத்தால் முகட்டில் ஓர் இடைநிலை வாங்கி (மானிகளின் சமிக்ஞையை வாங்கி அனுப்பும் நிலையம்) வேண்டும்.

மானியின் மின்தேவை அற்பம். வாங்கி நிலையம்தான் தின்னும்: 5 வாட் என்றால் நாளுக்கு 120 வாட்-மணி. யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் உள்ளதே 84; அதில் பாதியைத்தான் எடுக்கலாம், எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நவம்பர், டிசம்பரில் ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் சூரியத் தகடு நாள்கணக்கில் வெறுமனே நிற்கும். 12.8 வோல்ட் 40 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 80 சதவீதம் எடுத்தால் 410 வாட்-மணி, மூன்று நாளுக்குச் சற்று மேல் தாங்கும். மழை தொடங்கும் முன்பே இரண்டு நாள் மூட்டம் இருந்திருந்தால் அதுவும் போதாது. அதற்காக, பேட்டரி 40 சதவீதத்துக்குக் கீழ் இறங்கினால் வாங்கி நிலையம் தானாக மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் விழிக்கும்படி எழுதக் கூடாது. துடிப்பு விதியே உடைந்துவிடும். பேட்டரியைப் பெரிதாக்குங்கள். பாதை மூடிய பிறகு யாராலும் மேலே போய் மாற்ற முடியாது.

எத்தனை மி.மீ.க்கு மணியடிப்பது

பழைய பாணி, மணிக்கு இத்தனை மி.மீ. என்ற ஒற்றை வரம்பு. ஊத்தங்கரை எண்ணை அதில் போட்டுப் பாருங்கள். 503 மி.மீ.யை 24 மணிக்கும் சமமாகப் பங்கிட்டால் மணிக்கு 21 மி.மீ. மணிக்கு 40 என்று வரம்பு வைத்திருந்தால், அதை ஒருமுறைகூடத் தொடாமலேயே 50 செ.மீ. சேர்ந்துவிட முடியும்! உண்மையான மழை அப்படிச் சீராகப் பெய்யாதுதான். ஆனாலும் கோடை இடிமழைக்கென்று வைத்த வரம்பு, ஊர்ந்து போகும் புயல் எச்சத்துக்கு உதவாது.

எனவே நான்கு சாளரங்கள், அதாவது நான்கு கால அளவுகள். 15 நிமிடத்தில் 15 மி.மீ. வந்தால் ஓடைகளுக்கும் நகரச் சாக்கடைகளுக்கும், 60 நிமிடத்தில் 40 வந்தால் மலைப்பாதைக்கு. 24 மணியில் வானிலைத் துறையின் வகைப்பாட்டையே எடுத்துக்கொள்ளலாம்: 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4-க்கு மேல் அதி கனமழை. நான்காவது, மூன்று நாள் சேர்மானம்: அது 150-ஐத் தாண்டியிருந்தால் மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கிறது, மற்ற வரம்புகளை மூன்றில் ஒரு பங்கு இறக்கிக்கொள்ள வேண்டும். 15, 40, 150 ஆகியவை தொடக்கத்துக்கு வைக்கும் எண்கள்; முதல் பருவம் முடிந்ததும் திருத்தப்பட வேண்டியவை.

24 மணி என்பது உருளும் 24 மணியாக இருக்க வேண்டும். அலுவல் கணக்கு காலை 8.30-க்குப் பூஜ்யமாகிவிடும். இரவெல்லாம் 110 பெய்து, 8.30-க்குக் கணக்கு பூஜ்யமாகி, பிறகு 100 பெய்தால் இரண்டு நாளும் வெறும் "கனமழை". உண்மையில் விழுந்தது 210. இதே கணக்கால்தான் டிசம்பர் 2 என்று பதிவான மழையில் பெரும்பகுதி டிசம்பர் 1-இல் பெய்தது. பழைய தரவை வைத்து நிரலைச் சோதிப்பவர்கள் ஒரு நாள் தள்ளிப்போவது இங்கே.

"இத்தனை நிமிடத்தில் ஏரிக்கு நீர் வரும்" என்று மட்டும் முதல் ஆண்டில் சொல்லக் கூடாது. மேலே 20 மி.மீ. தாண்டிய நேரத்தையும் புது ஏரியில் வரத்து கூடிய நேரத்தையும் பத்து மழைக்காவது எழுதி வைத்த பிறகு பேசலாம்.

எழுபது எழுத்து

ஸ்மார்ட்போன் செயலி, டெலிகிராம் எல்லாம் இருந்தாலும், தரவு இணைப்பு தள்ளாடும் இரவில் கடைசியில் நிற்பது எஸ்எம்எஸ். தமிழில் ஒரு எஸ்எம்எஸ் 70 எழுத்து. நீண்டால் பகுதிக்கு 67. கண்ணுக்குத் தெரியும் எழுத்தல்ல, குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படும். "மழை" இரண்டல்ல, மூன்று. "தவிர்க்க" ஐந்தல்ல, எட்டு. இதைப் பாருங்கள்:

ஏற்காடு மலைப்பாதை: 1 மணியில் 42 மி.மீ. மழை. இரவு 9 வரை பயணம் தவிர்க்க.

சரியாக 70. அனுப்புநர் பெயரும் செய்திக்குள் வர வேண்டுமென்பதால் நடைமுறையில் இரண்டு பகுதி என்றே பணத்தைக் கணக்கிட வேண்டும். 3,000 பேருக்கு ஒரு மழையில் நான்கு செய்தி என்றால் 24,000 பகுதிகள். மொத்தமாக அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைய விதிப்படி டிஎல்டி பதிவு (மொத்தச் செய்தி அனுப்புவோருக்கான பதிவேடு), ஆறெழுத்துத் தலைப்பு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகம் வேண்டும். வாசகத்தில் மாறும் இடம் ஒவ்வொன்றுக்கும் எழுத்து வரம்பு உண்டு. புயல் வந்த பிறகு புது வாசகத்துக்கு ஒப்புதல் கேட்டு உட்கார்ந்திருக்க முடியாது. எச்சரிக்கை, நீட்டிப்பு, விலக்கல், நிலையம் மௌனம், ஒத்திகை என்று ஐந்தையும் முன்பே பதிந்து வைக்க வேண்டும். விளம்பர வகையில் பதிந்துவிட்டால் இரவு 9 மணிக்கு மேல் போகாது. இடிமழை அதற்குப் பிறகும் வரும்.

அந்த எழுபதில் மிக முக்கியமானது மி.மீ. அல்ல, "இரவு 9 வரை". முடிவு நேரம் இல்லாத எச்சரிக்கை வாட்ஸ்அப்பில் மூன்று நாள் சுற்றும். நீல வானத்தின் கீழ் யாரோ ஒருவர் அதைப் படித்துச் சிரிப்பார். அடுத்த முறை அவர் படிக்க மாட்டார். அரசுகள் பயன்படுத்தும் பொது எச்சரிக்கை வடிவத்தில் ஒவ்வொரு செய்திக்கும் அடையாள எண், அனுப்பிய நேரம், காலாவதி நேரம், "புதியது / திருத்தம் / விலக்கல்" என்ற வகை, "உண்மை / ஒத்திகை / சோதனை" என்ற நிலை உண்டு. சிறு சேவையும் உள்ளுக்குள் அதே வடிவத்தில் சேமித்து, எஸ்எம்எஸ்ஸை அதிலிருந்து பிழிந்தெடுக்க வேண்டும். நேரத்தில் +05:30 சேர்க்க மறக்கக் கூடாது. பழைய செய்தி காலாவதியாகும் முன்பே நீட்டிப்போ விலக்கலோ போயாக வேண்டும். இரண்டும் போகாத இடைவெளியில் தொலைபேசி அழைப்புகள் குவியும்.

யாருக்கு அனுப்புவது

ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவு காய்கிறது, தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டியிருக்கிறார்கள், ஏற்காட்டில் காப்பிக் கொட்டை காய்கிறது. இவர்களுக்கு 2 மி.மீ. தூறலே நட்டம். பச்சப்பட்டியிலும் சிவதாபுரத்திலும் தாழ்வான வீட்டில் இருப்பவருக்கு 40 மி.மீ. வரை கவலையில்லை. இரு தரப்புக்கும் ஒரே செய்தி அனுப்புவதே சலிப்பின் வேர். தூறல் செய்தி டெலிகிராமில் போகட்டும், விரும்பியவர் பார்ப்பார். எஸ்எம்எஸ் உயிருக்கு மட்டும்.

பழைய தொலைபேசி எண் பட்டியலை எடுத்து அப்படியே அனுப்பக் கூடாது. துண்டிக்கப்பட்ட எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போய்விடலாம். சில ஆண்டு தூங்கிய பட்டியலில் அந்நியர்கள் நிறைந்திருப்பார்கள். ஒப்புதலைப் புதிதாகக் கேட்டு, ஊர், சரிவு, பயன்பாடு மூன்றையும் சேர்த்துப் பதிய வேண்டும். வேறு விவரம் எதுவும் வேண்டாம். வைத்துக்கொண்டால் காக்க வேண்டியிருக்கும்.

ஆள் கணக்கிலும் ஏமாறக் கூடாது. மழை நாளில் எட்டு மணி நேர முறைக்கு மூவர், விடுப்புக்கு இருவர், ஆக ஐந்து பேர். 15 நிமிட, 60 நிமிட வரம்பு தாண்டியதும் செய்தி தானாகவே போகலாம், அது வெறும் அளவு. ஆனால் தானாகப் போக இரண்டு நிலையம் ஒத்துக்கொள்ள வேண்டும், அல்லது ஒரு மனிதர் பார்க்க வேண்டும். பள்ளி மைதானத்து மானியில் யாரோ ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீர் ஊற்றினாலும் 15 நிமிட வரம்பு தாண்டிவிடும்.

ஊமை ஓட்டம்

ஜனவரி, பிப்ரவரி வறண்ட மாதங்கள், கருவி ஊன்ற ஏற்றவை. மார்ச்சில் இயக்கி, ஏப்ரல், மே கோடை மழையை முழுக்க ஊமையாக ஓட்ட வேண்டும்: செய்தி உருவாகும், "சோதனை" என்று பதிவாகும், வெளியே போகாது. ஜூன் முதல் ஐம்பது பேருக்கு மட்டும். பொதுமக்களுக்குச் செப்டம்பர் கடைசியில் திறந்தால் வடகிழக்குப் பருவத்துக்குச் சரியாக இருக்கும். அக்டோபரில் அவசரமாகத் திறப்பவர்கள் முதல் புயலிலேயே தங்கள் பிழைகளை ஊருக்கு ஒளிபரப்புவார்கள்.

ஊமை ஓட்டத்தில் நான்கு கட்டம் நிரப்பப்படும்: சொன்னோம் நடந்தது, சொன்னோம் நடக்கவில்லை, சொல்லவில்லை நடந்தது, சொல்லவில்லை நடக்கவும் இல்லை. நான்காவது கட்டம் வருடத்தில் முந்நூறு நாள் தானாக நிரம்பும்; அதைச் சேர்த்து "98 சதவீதம் துல்லியம்" என்று சொல்வது கண்கட்டு வித்தை. முதல் மூன்றையே பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 12 முறை சொல்லி 8 நடந்து, சொல்லாமல் 2 நடந்திருந்தால், நடந்த பத்தில் எட்டைப் பிடித்தோம், சொன்ன பன்னிரண்டில் நான்கு வீண். இந்த இரண்டு எண்ணையும் பருவம் முடிந்ததும் தவறவிட்ட இரண்டின் தேதியோடு வெளியிட வேண்டும். "நடந்தது" என்றால் என்ன என்பதை ஓட்டத்துக்கு முன்பே எழுதி வைக்காவிட்டால் பிறகு கட்டங்களை ஆசைக்கேற்ப நகர்த்தத் தோன்றும்: மலைப்பாதையில் மண்ணோ மரமோ விழுந்தது, ஏரி மறுகால் பாய்ந்தது, நகர வார்டில் வீட்டுக்குள் நீர் புகுந்தது. இந்த மூன்று மட்டுமே.

டிசம்பர் 1 இரவை இந்த அமைப்பின் மேல் ஓட்டினால், மணி வரம்பு அதிகம் பேசியிருக்காது. உருளும் 24 மணியும் மூன்று நாள் சேர்மானமும்தான் பேசியிருக்கும். லோரா தாங்கியிருக்கும். பேட்டரி சந்தேகம். எஸ்எம்எஸ் போயிருக்கும், ஆனால் "இரவு 9 வரை" என்ற சட்டகம் திணறியிருக்கும்: அடுத்த நாளும் நீடித்த மழைக்கு மூன்று மணி நேரத்துக்கொரு நீட்டிப்பு அனுப்பினால் பத்துக்கும் மேற்பட்ட செய்திகள் ஆகும். அத்தகைய மழைக்குப் பன்னிரண்டு மணி நேர வாசகம் ஒன்று ஆறாவதாகப் பதியப்பட வேண்டும். ஐந்து வாசகப் பட்டியலை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.